கோரம் இல்லாத கூட்டம்

எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் பிற்பகல் 3 மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தோம். மூன்றே காலுக்குச் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் நாற்காலிகள் அறுபது, ஆட்கள் பதினொன்று. அந்தப் பதினொன்றில் நாலு பேர் செயற்குழு. இன்னொருவர் பக்கத்து அறைப் பாட்டு வகுப்பில் பேத்தியை விட்டுவிட்டு, ஏர்கானுக்காக வந்து உட்கார்ந்தவர். ஆனாலும் உறுப்பினர்தான், சந்தா பாக்கி இல்லை. அதனால் அவரையும் எண்ணிக்கொண்டேன்.

சிங்கப்பூரில் பதிவுபெற்ற சங்கம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். பெரும்பாலான சங்கங்களின் விதிகளில் இப்படித்தான் இருக்கும்: வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் கால்வாசி, அல்லது 30 பேர், எது குறைவோ அத்தனை பேர் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைதான் கோரம் (quorum). வரவில்லையென்றால் அரை மணி நேரம் ஒத்திவைப்பு. அதற்குப் பிறகும் ஆள் சேரவில்லையென்றால் அறையில் இருப்பவர்களே கோரம். விதிகளைத் திருத்தும் அதிகாரம் மட்டும் அவர்களுக்குக் கிடையாது.

அதற்குக் 'குறைவெண்' என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. "இந்த வருசமும் கோரந்தானா?" என்று பொருளாளர் அண்ணன் வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் தெரிந்த மனிதர்.

அரை மணி நேரத்தை ஓட்ட வேண்டுமே. கரிபாப் தட்டை மூடி வைத்துவிட்டு, "பாக்டீரியாவுக்குக்கூடக் கோரம் உண்டு, தெரியுமாண்ணே?" என்று பேச்சுக் கொடுத்தேன். நான் ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்கல்லூரியின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள். ஊட்டக்கூழ் காய்ச்சுவது, தட்டு ஊற்றுவது, மாணவர்கள் விட்டுச்செல்லும் குடுவைகளைக் கழுவுவது, இதுதான் 26 ஆண்டுகள். இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் நிறைய உண்டு, கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். "ஏம்மா, அது ஒத்த செல்லு. கண்ணு இல்ல, காது இல்ல, மூளையும் இல்ல. பதினோரு பேர எண்ணுறதுக்கே நீ ரெண்டு தடவ விரல நீட்டுன. அது எப்படிம்மா எண்ணும்?"

இதைவிடச் சரியான கேள்வியை 26 ஆண்டுகளில் எந்த மாணவரும் கேட்டதில்லை. அன்றைக்கு அரை மணி நேரத்தில் அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கதை வெளிச்சத்தில் தொடங்குகிறது. கடலில் விப்ரியோ ஃபிஷரி என்றொரு பாக்டீரியா உண்டு, ஒளிரும் இனம். ஆய்வுக்கூடத்தில் குடுவை நிறையப் புது ஊட்டநீர் ஊற்றி அதைக் கொஞ்சம் விட்டால் உடனே பெருகத் தொடங்கும். ஆனால் வெளிச்சம் வராது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, மணிக்கணக்கில் இருட்டிலேயே பெருகும். கூட்டம் ஒரு அளவைத் தாண்டியதும் குடுவை முழுக்க நீலப்பச்சை வெளிச்சம். பாக்டீரியா இரண்டு மடங்கானால் வெளிச்சமும் இரண்டு மடங்காக வேண்டும் என்பதுதானே நியாயமான கணக்கு? அப்படி நடக்கவில்லை.

முதலில் ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஊட்டநீரிலேயே ஒளியைத் தடுக்கும் ஏதோ பொருள் இருக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று தீர்த்ததும் வெளிச்சம் வருகிறது என்று. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 1970இல் கென்னத் நீல்சன், டெரி பிளாட், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் மூவரும் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஊட்டநீரிலிருந்து எதுவும் குறையவில்லை, பாக்டீரியாக்கள்தான் அதில் எதையோ சேர்க்கின்றன என்றார்கள். ஏற்கெனவே பாக்டீரியா வளர்ந்து ஒளிர்ந்த நீரை வடிகட்டி, அதில் புதிய பாக்டீரியாவை விட்டால் காத்திருப்பு சுருங்கிவிடுகிறது. ஆள் இல்லை, ஆள் விட்டுப்போன பொருள் மட்டும் இருக்கிறது, அதுவே போதுமாக இருக்கிறது. அந்தப் பொருள் இன்னதென்று 1981இல் பிரித்தறிந்தார்கள். ஒரு வளையமும் அதற்கு ஒரு சிறு வாலும் கொண்ட எளிய மூலக்கூறு. வேதியியல் பெயர் நீளமானது. இங்கே 'சமிக்ஞை' என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு இருட்டறை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பேசவும் கூடாது. உள்ளே வருகிற ஒவ்வொருவர் கையிலும் எரிகிற ஊதுபத்தி ஒன்று. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டியதே இல்லை, மூக்கு சொல்லிவிடும். வாசம் இலேசாக இருந்தால் ஆள் குறைவு, நெஞ்சை அடைத்தால் அறை நிறைந்துவிட்டது. அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இதோடு இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வாசம் ஒரு அளவைத் தாண்டியதும் ஒவ்வொருவரும் கையில் இன்னும் பத்துப் பத்தி கொளுத்துகிறார்கள் என்று வையுங்கள். அறை ஒரே மூச்சில் புகையால் நிறைந்துவிடும். பாக்டீரியாவும் அப்படித்தான் செய்கிறது. லக்ஸ்-ஐ என்ற நொதி சமிக்ஞையைச் செய்கிறது. சமிக்ஞை செல்லின் சவ்வு வழியே வெளியே கசிகிறது, செறிவு கூடியதும் உள்ளேயும் திரும்புகிறது. லக்ஸ்-ஆர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு ஒளிக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அந்த மரபணு வரிசையிலேயே லக்ஸ்-ஐக்கான மரபணுவும் இருக்கிறது. அதனால் சமிக்ஞை மேலும் பெருகுகிறது. விளக்கு மெதுவாகக் கூடாமல் சுவிட்ச் போட்டதுபோல் எரிவதற்கு இதுதான் காரணம்.

சரி, இந்த ஏற்பாட்டால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? ஹவாய்க் கடலோரத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சோத்தோங், அதாவது கணவாய், இருக்கிறது. நம் உணவங்காடியில் சம்பல் போட்டுத் தருகிற சோத்தோங்குக்குத் தூரத்துச் சொந்தம். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இரவில் இரை தேடும். நிலவு மேலே இருந்தால் அதன் நிழல் கீழே விழுந்து, அடியில் இருக்கும் மீனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வயிற்றுப்பக்கம் ஒரு ஒளியுறுப்பு வைத்திருக்கிறது. நிலவொளிக்குச் சரிசமமாகக் கீழ்நோக்கி ஒளி வீசித் தன் நிழலை அழித்துக்கொள்கிறது. வெளிச்சம் கொடுப்பது விப்ரியோ ஃபிஷரி, வாடகைக்கு அதற்குக் கிடைப்பது உணவு. திறந்த கடலில் இந்த பாக்டீரியா ஒரு மில்லிலிட்டரில் நூறுகூடத் தேறாது. ஒளியுறுப்புக்குள்ளோ அதே மில்லிலிட்டர் கணக்கில் 1,000 கோடிக்கும் மேல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கடலில் தனியாக மிதக்கும்போது ஒளி வீசுவது வீண் செலவு, ஒற்றை பாக்டீரியாவின் வெளிச்சம் யார் கண்ணிலும் படாது. சோத்தோங்குக்குள் வந்து நெருக்கம் கூடிய பிறகுதான் செலவு செய்கிறது. விடிந்ததும் சோத்தோங் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்களைக் கடலில் துப்பிவிடும். மிச்சம் இருப்பவை பகலில் பெருகி, இரவுக்குள் மறுபடி சபை நிறையும்.

இந்த இடத்தில் பலருக்கு 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னிய காணொளி நினைவுக்கு வரும். அது வேறு. நொக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி, பாக்டீரியா இல்லை. அலை தட்டினால் ஒரு கணம் மின்னி அணையும். ஆனால் அதே மாதம், நமக்குத் தெற்கே ஜாவாவுக்குக் கீழே, கடல் விட்டு விட்டு மின்னாமல் இரவு முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பரப்பளவு 1,00,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், சிங்கப்பூரைப்போல் நூறு மடங்கைத் தாண்டும். துணைக்கோள் படத்தில் தெரிந்தது. அந்தக் கடலுக்குள் தற்செயலாகப் போய்ச் சிக்கிய பாய்மரப் படகின் பெயர் கணேஷா. 2022இல் ஸ்டீவன் மில்லர் வெளியிட்ட ஆய்வில் அந்த மாலுமிகள் கண்டதும் துணைக்கோள் கண்டதும் ஒத்துப்போயின. இப்படிப்பட்ட பாற்கடல்களுக்கு ஒளிரும் பாக்டீரியாக்களே காரணம் என்று கருதுகிறார்கள். பாற்கடலுக்குப் பிள்ளையார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்றதும் அண்ணன் சிரித்தார், அடுத்து உட்கார்ந்திருந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனி உருளைக்கிழங்கு. எனக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

அப்பா மளிகைக்கடையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் நானும் போவேன். சாக்கு மூட்டையில் ஒரே ஒரு கிழங்கு 'போய்விட்டது' என்றால் அப்பாவுக்கு வாசலிலேயே மூக்கு சொல்லிவிடும். தேடுகிற வேலை எனக்கு. கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். எல்லாக் கிழங்கும் கல்லுப்போல் இருக்கும். திடீரென்று ஒன்றின் தோலுக்குள் விரல் புதையும். வெளியே பார்க்கத் தோல் முழுசாக இருக்கும், உள்ளே கஞ்சி. அந்த வாடையை எழுத முயன்று இரண்டு வரி அடித்துவிட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது விளங்காதது இதுதான்: நேற்று நன்றாக இருந்த கிழங்கு எப்படி ஒரே நாளில் முழுக்கக் கூழாகிறது?

எர்வினியா என்ற பாக்டீரியாவின் வேலை அது. இப்போது பெயரை மாற்றி பெக்டோபாக்டீரியம் என்கிறார்கள், நான் படித்த பெயரே என் வாயில் வருகிறது. கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின். எர்வினியா அதைக் கரைக்கும் நொதிகளை வெளியே விடுகிறது. ஒட்டு கரைந்தால் கட்டடம் சரிகிறது. நாலைந்து பாக்டீரியா மட்டும் நொதியை விட்டால் என்ன ஆகும்? செடி சும்மா இருக்காது. தன் சுவரில் கீறல் விழுந்ததை உணர்ந்து எதிர்ப்பைத் தொடங்கிவிடும், வந்த நாலைந்தும் காலி. அதனால் எர்வினியா சத்தமில்லாமல் பெருகுகிறது. ஊதுபத்தி வாசம் நெஞ்சை அடைக்கிற அளவு வந்த பிறகு எல்லாமாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் நொதியைக் கொட்டுகின்றன. கிழங்கு சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதைப் படித்த நாளில் என்னை உட்காரவைத்தது வேறொரு செய்தி. எர்வினியா வகைகள் பலவும் பயன்படுத்தும் சமிக்ஞை எது தெரியுமா? சோத்தோங் வயிற்றில் விளக்கேற்றுகிற அதே மூலக்கூறு. வளையமும் வாலும் அச்சாக ஒன்று. ஹவாய்க் கடலில் நிலவுக்குப் போட்டியாக ஒளி, அப்பாவின் சாக்கு மூட்டைக்குள் அழுகல், இரண்டுக்கும் ஒரே அழைப்புமணி. 1990களின் தொடக்கத்தில் இது தெரிந்த பிறகுதான் ஒளிரும் பாக்டீரியாவின் விந்தை என்று ஒதுக்கி வைத்திருந்த விஷயம் பொது விதிபோல் பார்க்கப்பட்டது. 1994இல் ஃபுக்குவா, வினன்ஸ், கிரீன்பெர்க் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் 'கோரம் சென்சிங்' என்ற பெயர் வந்தது. கூட்டமறிதல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதற்கடுத்த முக்கியமான திருப்பம் சிங்கப்பூரில் நடந்தது. இங்கே பலருக்கு அது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று வேளாண் உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அந்தப் பெயரில் இப்போது இல்லை. அங்கே லியன்-ஹுய் ஜாங், யி-ஹு டோங் குழுவினர் எதிர்த்திசையில் யோசித்தார்கள். ஒரு பாக்டீரியா சமிக்ஞை அனுப்பினால், மண்ணில் பக்கத்திலேயே வாழும் இன்னொன்று அதைக் கெடுக்கக் கற்றிருக்காதா? மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாக்களைச் சோதித்ததில் பேசில்லஸ் இனத்தில் ஒன்று அகப்பட்டது. அதனிடம் ஒரு நொதி, ஏ-ஐ-ஐ-ஏ என்று பெயர், 250 அமினோ அமிலம் நீளம். சமிக்ஞையின் வளையத்தை மட்டும் வெட்டித் திறந்துவிடும். வளையம் போனால் அந்த மூலக்கூறுக்கு அர்த்தம் இல்லை. 2000இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் ஏற்றிக் காட்டினார்கள். எர்வினியா அந்தச் செடிக்குள் வந்தது, ஆனால் கோரம் சேரவில்லை. நோய் வராமல் போனது, வந்த இடத்திலும் வீரியம் குறைந்தது. இதே நொதியின் உறவுகள் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸிலும் இருப்பது பிறகு தெரிந்தது. மரபணு மாற்றிய பி.டி. பருத்தியின் 'பி.டி.' அதுதான். ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த பாக்டீரியாவின் பையில் இப்படி இன்னொரு சாமானும் இருந்திருக்கிறது.

பாக்டீரியாவைக் கொல்லாமல் அவற்றுக்கு இடையிலான செய்தியை மட்டும் நிறுத்துவது என்றால் என்னவென்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் ஒரு பருவம் இதைத் திட்டப்பணியாக எடுத்தார்கள். குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியா கூட்டம் சேர்ந்ததும் கத்தரிப்பூ ஊதாவில் சாயம் விடும். தன் சமிக்ஞையைத் தானே செய்ய முடியாதபடி மாற்றிய வகை ஒன்று ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. அது தானாக வளர்ந்தால் வெறும் வெள்ளை. வெளியிலிருந்து சமிக்ஞை கொடுத்தால் ஊதா. ஆக, அது ஒரு மூக்கு. அதற்கு 30 பாகை வெப்பம் வேண்டும். ஏர்கான் போட்ட அறையில் அதற்கென்று மின்சாரம் செலவழித்து ஒரு வெப்பப்பெட்டி, கதவைத் திறந்தால் நடைபாதையில் இலவசமாக அதே 30 பாகை. சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களின் நிரந்தர வேடிக்கை இது.

மாணவர்கள் விளையாட்டுத் திடலிலிருந்து மண் கொண்டுவந்தார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து 80 பாகையில் பத்து நிமிடம் வைத்தால் வித்து உண்டாக்கும் வகைகள் மட்டும் தப்பும், பேசில்லஸ் அந்தக் கூட்டம். அவற்றைத் தனித்தனியே வளர்த்து, சமிக்ஞை கலந்து, ஊதா மூக்கின் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் காலை வெப்பப்பெட்டியைத் திறந்தவள் நான்தான். தட்டுக்குத் தட்டு ஊதா. நாலே நாலு தட்டில் மட்டும் வெள்ளைக் கோடு. ஒரு பையன் குதித்தான், "அக்கா, செத்துப்போச்சு!" என்று. நான் கம்பி முனையால் அந்த வெள்ளையைத் தொட்டுப் புதுத் தட்டில் சமிக்ஞையோடு தேய்த்துவிட்டேன். அதற்கடுத்த நாள் பளிச்சென்று ஊதா. சாகவில்லை, நன்றாகத் தின்று பெருகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவுதான். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு தனியாக இருப்பதாக எண்ணுகிற உயிரை முதன்முதலாக அந்தத் தட்டில் பார்த்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது, இருக்கக் கூடாதுதான்.

ஆன்டிபயாடிக் கொல்கிறது, தப்பிப் பிழைத்தவை எதிர்ப்போடு பெருகுகின்றன, ஆகவே கொல்லாமல் கூட்டத்தை மட்டும் கலைத்தால் எதிர்ப்புத் திறன் வராது என்று ஒரு கட்டத்தில் பெரிய நம்பிக்கை கிளம்பியது. எனக்கும் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தையே வெளியே இறைத்துத் தள்ளக் கற்ற சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் காலரா. விப்ரியோ காலரே தலைகீழ்ப் பேர்வழி. ஆள் குறைவாக இருக்கும்போதுதான் குடலில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அறிந்ததும் நஞ்சை நிறுத்திவிட்டு, ஒட்டை அறுத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடி வெளியேறும். இதனிடம் போய்ச் சமிக்ஞையைத் தடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாமே அதை உட்காரவைத்து நஞ்சு சுரக்கச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

பாஷைகளும் பல. எர்வினியா, விப்ரியோ வகையறாக்கள் வளையமும் வாலும் கொண்ட மூலக்கூறுகளைப் பேசும். ஸ்டெஃபைலோகாக்கஸ் கூட்டம் சிறு புரதத் துண்டுகளைப் பேசும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் நாலு பிரிவுகள் உண்டு, ஒரு பிரிவின் சமிக்ஞை பெரும்பாலும் மற்றவற்றின் வாயை அடைக்கும். சங்க அரசியல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன எல்லை தாண்டிப் பல பாக்டீரியாக்கள் செய்யும் இன்னொரு சமிக்ஞையும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் போனி பாஸ்லர் குழு அதைத் துரத்திப் பிடித்தது. 2002இல் அதன் வடிவம் தெரிந்தபோது நடுவில் போரான் அணு ஒன்று உட்கார்ந்திருந்தது. கேரம் பலகையில் தூவுகிற மாவில் இருக்கிற அதே போரான். உயிர்ப்பொருள்களில் அதைக் காண்பது அபூர்வம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடோமோனாஸ் ஏருஜினோசா புரதத்தை மட்டும் தின்று வாழ வேண்டியிருந்தால், எல்லாரும் செரிமான நொதியை வெளியே விட வேண்டும், கரைந்து வருவதை எல்லாரும் தின்னலாம். நடுவில் சில பேருக்கு லாஸ்-ஆர் என்ற மரபணு பழுதாகி, வாசம் எவ்வளவு வந்தாலும் காதில் விழாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். நொதி செய்கிற செலவு அவர்களுக்கு இல்லை, பந்தியில் இடம் மட்டும் உண்டு. இவர்கள் நன்றாகக் கொழுக்கிறார்கள் என்று 2007இல் சோதனையில் காட்டினார்கள். கூடிப்போனால் பந்தியே காலியாகிவிடும். சந்தா நினைவூட்டலுக்குப் பதில் போடாமல் பொங்கல் விருந்துக்கு முதல் வரிசையில் உட்காருகிறவர்களின் பட்டியல் எங்கள் சங்கத்திலும் உண்டு. பொருளாளர் அண்ணன் இந்தப் பகுதியைக் கேட்டதும் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "சரிம்மா, ஒரே ஒரு ஆளு, ரொம்பச் சின்ன ரூம்பு, ஒரே ஒரு பத்தி. அப்பயும் வாசம் நெஞ்ச அடைக்குமே. அப்ப அது கூட்டம்னு நெனச்சுக்குமா?"

இந்தக் கேள்வியை ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் என்ற அறிவியலாளர் 2002இல் எழுப்பினார். பாக்டீரியா உண்மையில் ஆளைத்தான் எண்ணுகிறதா, அல்லது தான் வெளியே விடுகிற பொருள் தன்னைச் சுற்றியே நிற்கிறதா, அடித்துக்கொண்டு போகிறதா என்று பார்க்கிறதா? நொதி செய்வது செலவுபிடித்த வேலை. ஓடுகிற தண்ணீரில் விட்டால் அது போயே போய்விடும். அதற்கு முன்பு மலிவான சமிக்ஞையைக் கொஞ்சம் விட்டுப் பார்த்து, அது நின்றால் விலையுயர்ந்ததை விடுவது புத்திசாலித்தனம். இதற்குக் கூட்டமே தேவையில்லை. பிறகு 2010இல் ஒற்றை ஸ்டெஃபைலோகாக்கஸைக் குறுகிய இடத்துக்குள் அடைத்துப் பார்த்தார்கள். தன் சமிக்ஞை தன்னிடமே திரும்பியதும் அது தனி ஆளாகவே கோரம் சேர்ந்ததுபோல் நடந்துகொண்டது. அறையில் இருப்பவரே கோரம்.

என் கருத்தைச் சொல்வதானால், பாக்டீரியா 'பேசுகிறது', 'ஓட்டுப் போடுகிறது' என்ற உவமைகள் ஆரம்பத்தில் ஆளை உள்ளே இழுக்க நல்லவை, அங்கேயே தங்கிவிடக் கூடாது. நானே இந்தக் கட்டுரையில் சொல்லுக்குச் சொல் பாஷை, காது, கோரம் என்று எழுதியிருக்கிறேன், வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த ஊதா தட்டைப் பார்த்தவளுக்கு அதில் பேச்சு எதுவும் தெரியவில்லை. விட்ட பொருள் எவ்வளவு தங்குகிறது என்ற கணக்குதான் தெரிந்தது. அதில் எத்தனை பேர் என்பதும் ஒரு பகுதி, அறை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதும் ஒரு பகுதி. இரண்டையும் பாக்டீரியாவால் பிரித்தறிய முடியாது, பல நேரம் பிரித்தறிய வேண்டியதும் இல்லை.

இந்த ஊரில் இதெல்லாம் ஏட்டுச் சங்கதியாக நின்றுவிடவில்லை என்பதற்கு ஒன்றே ஒன்று. நாம் குடிக்கும் தண்ணீரில் புதுநீர் என்கிற மறுசுழற்சி நீருக்கும் பங்கு உண்டு. 2003 முதல் கழிவுநீரைச் சவ்வுகள் வழியே அழுத்திச் சுத்தம் செய்கிறோம். சவ்வின் பெரிய எதிரி அதன்மேல் படியும் பாக்டீரியாப் படலம். நம் பல் மேல் காலையில் வழவழப்பாக இருக்குமே, அதே சாதி. அந்தப் படலம் கட்டுவதிலும் சமிக்ஞைக்குப் பங்கு இருக்கிறது. சிட்னி பக்கத்துக் கடலில் டெலிசியா என்ற சிவப்புப் பாசி தன்மேல் அழுக்குப் படியவிடாமல் சுத்தமாக இருப்பதையும், சமிக்ஞையைப் போலவே வேடமிட்ட பொருளைச் சுரந்து அதைச் சாதிப்பதையும் ஆராய்ந்தவர் ஸ்டாஃபன் ஷெல்லபெர்க். 2011இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தொடங்கிய சுற்றுச்சூழல் உயிர் அறிவியல் பொறியியல் மையத்துக்கு அவர்தான் முதல் இயக்குநர். கழிவுநீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் உருண்டையாகத் திரளும்போது சமிக்ஞை கூடுவதையும், உருண்டை உடையும்போது குறைவதையும் அங்கே பதிவுசெய்தார்கள். இங்கே கூட்டத்தைக் கலைப்பதைவிடக் கூட்டுவதே பயன். உருண்டை சீக்கிரம் அடியில் தங்கும், தண்ணீர் சீக்கிரம் தெளியும்.

மூன்றே முக்காலுக்குப் பன்னிரண்டாவது ஆள் வந்தார், கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விதி எண்ணைப் படித்து, வந்திருப்பவர்களே கோரம் என்று தலைவர் அறிவித்தார். கணக்கு ஒப்புதல் ஆனது. சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 24 ஆக்க வேண்டும் என்றால் விதியைத் திருத்த வேண்டும், அதற்கு அதிகாரம் இல்லை. நாலாவது ஆண்டாக அது அடுத்த ஆண்டுக்குப் போனது. கரிபாப் ஆளுக்கு நாலு.

வீட்டுக்கு வந்து அடுப்படி விளக்கைப் போட்டதுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு தேக்காவில் வாங்கிய உருளைக்கிழங்கு, பிளாஸ்டிக் பையோடு, வாயைக் கட்டி, தொட்டிக்கு அடியில். வேர்த்து வேர்த்துப் பையின் உள்பக்கமெல்லாம் தண்ணீர். கையை விட்டேன். மூன்றாவது கிழங்கில் விரல் புதைந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டும் போயிருந்தன. அப்பா கடையில் சாக்கை விரித்து, கிழங்கை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மேலே காற்றாடியைச் சுழலவிட்டிருப்பார். பையைக் கட்டி வைத்தது நான். குப்பைக் குழாயில் போட்டுவிட்டு, மிச்சம் இருந்த ஐந்தைத் துடைத்து, பழைய தமிழ் முரசைத் தரையில் விரித்து, இடைவெளி விட்டு வைத்தேன். கையில் அந்த வாடை மறுநாள் காலைவரை போகவில்லை.